வேப்பம்பட்டுக்கு நான் நேரத்தில் வராததன் காரணங்கள்

சென்னீர்குப்பம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அப்பாவு அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனன் திருவேங்கடம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

துக்கம் நடந்த வீட்டுக்கு எழுதும்போது நலம் விசாரிக்கக் கூடாதாம். என் வீட்டுக்காரி ராணி சுவரைப் பார்த்துச் சொன்னாள். பன்னிரண்டு நாளாக அவள் என்னிடம் சொல்லவேண்டியதையெல்லாம் சுவரிடம்தான் சொல்கிறாள். ஆகவே நலம் விசாரிக்கவில்லை. ஆனாலும் உங்கள் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் தேவலை. இத்தனை வருடமும் அக்காதானே எடுத்துக் கொடுத்தாள்.

இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். பதினேழு தடவை அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் பிள்ளை கோபி குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டான். அந்தக் குழுவை ஆரம்பித்தவன் நான். 'சென்னீர்குப்பம் - வேப்பம்பட்டு சொந்தங்கள்' என்று பெயர் வைத்தவனும் நான். இப்போது அதில் வேப்பம்பட்டு மட்டும் இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிவரும், மன்னிக்கவும்.

அக்காவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கு நீங்கள் நாலு பேருக்கு முன்னால் என்னைப் பார்த்து, "இந்த ஓட்ட டப்பாவுக்கோசரமாடா என் பொண்டாட்டியக் காக்க வெச்ச?" என்று கேட்டீர்கள். நீங்கள் பெரியவர், துக்கத்தில் இருந்தவர், என்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். ஓட்டை டப்பா என்ற சொல்லை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பைபாஸுக்குப் போகிற ரோட்டை அகலப்படுத்த நம் ஒன்றேகால் ஏக்கரை எடுத்துக்கொண்டபோது, வந்த பணத்தில் தொண்ணூற்று ஏழில் வாங்கிய வண்டி அது. கார்புரேட்டர் கிடையாது. டேங்குக்குள்ளேயே பம்ப் வைத்து, பெட்ரோலை அளந்து இன்ஜினுக்குள் பீய்ச்சி அடிக்கிற வண்டி. அன்றைக்குப் பூந்தமல்லி வட்டாரத்தில் அப்படி வண்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நிலத்தில் அக்காவுக்கும் பங்கு உண்டு. அவள் தாலுகா ஆபீசுக்கு வந்து, எனக்கு ஒண்ணும் வேணாம், தம்பியே அனுபவிக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். அப்புறம் வண்டி வாங்கியதும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள்?

"என் நெலம் இப்ப காரா நிக்கிது. இருக்கட்டும்டா வேங்கடம். நான் செத்தா மட்டும் இதுலதான் நீ எனக்குக் கோடி எடுத்துகினு வரணும். என் பங்கு என் வாசல்ல ஒருதரம் வந்து நிக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினேன். நீங்களும் பக்கத்தில் நின்று பட்டாணி தின்றுகொண்டிருந்தீர்கள், மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருடம், பொங்கலுக்குப் பொங்கல், "கார் ஓடுதாடா? ஓடட்டும், எனக்கு அதுல வேலை கீது" என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள். ஆகவே, ஒரு ஆட்டோ பிடித்து வந்திருக்கலாமே என்று இனி யாரும் என்னைக் கேட்கவேண்டாம். உடன்பிறந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கொண்டுவருவது என் கடமை. அதை அந்த வண்டியில் கொண்டுவருவது நான் கொடுத்த வாக்கு.

வண்டிக்கு மூன்று மாதமாக ஒரு நோவு இருந்தது உண்மை. காலையில் எடுத்தால் நன்றாகப் போகும். கால் மணி, இருபது நிமிடம் ஆனதும் திணறும், இரண்டு தடவை விக்கும், நின்றுவிடும். அப்படியே இருபது நிமிடம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் கிளம்பும். பூந்தமல்லியில் நம் மெக்கானிக் ஜாகிர் இருக்கிறானே, அவன் முதலில் ஃபியூஸை மாற்றினான், அப்புறம் ரிலேயை மாற்றினான், அப்புறம் பெட்ரோல் ஃபில்டர், கடைசியில் பம்பையே மாற்றினான். பழைய பம்பை வெளியே எடுத்தபோது அதன் வாயில் இருக்கிற சல்லடையில் நாலைந்து மஞ்சள் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. "இன்னா அண்ணாத்தே, டேங்குல நூலு எப்டி வந்துச்சி?" என்று என்னையே கேட்டான். உன் கடையில் கை துடைக்கிற வேஸ்ட் துணிதான் விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் குவாலிட்டி கண்ட்ரோல் பார்த்தவன் நான், ஒரு கோளாறு யாரால் வந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அவன் பதில் பேசவில்லை. பேசாதவன் மீது எனக்குச் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோபி போன் செய்து, "மாமா, அம்மா பூட்டாங்க" என்றான். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ராணி சொல்கிறாள், "வண்டியில பெட்ரோல் கீதான்னு கேட்டீங்க" என்று. இருக்கலாம். பூந்தமல்லியில் தெரிந்த ஜவுளிக்கடைக்காரரை வீட்டிலிருந்து அழைத்துவந்து ஷட்டரைத் தூக்கச் சொல்லி, அக்காவுக்குப் பிடித்த அரக்குச் சிவப்பில் புடவை எடுத்து, சுமங்கலிக்கு வைக்கவேண்டிய மஞ்சள், குங்குமம், வளையல், பூ எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கி, பின்சீட்டில் வைத்து, கிளம்பும்போது மணி ஒன்பதே முக்கால். சித்திரை வெயில். காடுவெட்டி வரைக்கும் வண்டி பட்டுப்போல் வந்தது. நான் ராணியிடம், "பாத்தியா, அக்கா கூப்பிடறா, அதான் போவுது" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, விக்கல் வந்துவிட்டது.

இந்த வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பம்ப் ஓடுகிறதா என்று கேட்கவேண்டுமானால் பின்சீட்டைத் தூக்கவேண்டும். பின்சீட்டைத் தூக்கவேண்டுமானால் தாம்பாளத்தை வெளியே எடுக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் ராணி நடுரோட்டில் கோடித் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நிற்பாள், நான் சீட்டைத் தூக்கிவிட்டுக் குப்புறப் படுத்துக் காதை வைப்பேன், சாவியைத் திருப்ப ஆள் இல்லாமல் போகிறவர் வருகிறவரைக் கூப்பிடுவேன். பருத்திப்பட்டில் சாவியைத் திருப்பிக் கொடுத்த ஒரு அம்மாள் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "வளைகாப்பா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். ராணி அழுதாள். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள் பாருங்கள், நான் ஏதோ பெண்டாட்டியை அடித்தவன் மாதிரி.

அங்கேயே ஒரு கூட்டம் கூடிவிட்டது. ஒருவர், டேங்க் மூடி காற்று விடவில்லை, திறந்துவைத்து ஓட்டுங்கள் என்றார். திறந்துவைத்து ஓட்டினேன், ஆவடி வரைக்கும் வண்டிக்குள் பெட்ரோல் வாடை, ராணிக்கு வாந்தி. இன்னொருவர், வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, ஈரத் துணி சுற்றுங்கள் என்றார். கையில் இருந்த ஒரே துணி உங்களுக்கு முறைக்கு வாங்கியிருந்த வேட்டி. அதை நனைத்துச் சுற்றினேன், மன்னிக்கவும், வேறு வேட்டி எடுத்துத் தருகிறேன். மூன்றாமவர், இப்போது வருகிற பெட்ரோலே சரியில்லை, பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளாது, வண்டியை உடைக்கப் போட்டுவிடுங்கள் என்றார். அவர் சட்டையை நான் பிடித்ததும் உண்மைதான். இருபது நிமிடம் ஓடிக்கொண்டிருந்த வண்டி பத்து நிமிடம் ஆனது, பத்து ஐந்தானது. ஆனால் நான் ஒவ்வொரு இடத்திலும் கோபிக்கு நிலவரம் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்யமுடியும்?

பட்டாபிராம் இந்து காலேஜ் பக்கத்தில் வண்டி நின்றபோது ஜாகிர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், கை கழுவிவிட்டு வந்திருக்கிறான். பெட்ரோல் குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தான். முள் நன்றாக ஏறி நின்றது. கொஞ்ச நேரத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. "பம்பு மேல தப்பு இல்ல அண்ணாத்தே. டேங்குக்குள்ள ஏதோ கீது. அது பம்பு வாய அடைக்கிது. டேங்க எறக்கணும், அது இங்க ஆவாது. நீங்க தாம்பாளத்த எடுத்துகினு என் பின்னாடி ஒக்காருங்க, நான் வேப்பம்பட்டுல உட்டுட்டு வரேன்" என்றான். நான் அவனைப் பார்த்து, டூப்ளிகேட் பம்பை மாட்டிவிட்டுத்தான் இப்படிக் கதை விடுகிறாய், என் அக்கா சாவில் கூட உனக்குத் திருட்டுப் புத்தியா என்று, ரோட்டில், எல்லாரும் பார்க்க, சத்தமாகக் கேட்டேன். பழைய ஃபில்டரை மாட்டிப் பார் என்று நான் சொன்னதற்கு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதையும் மாட்டினான்.

ராணி அதுவரைக்கும் பொறுத்தவள், "நான் ஆட்டோல போறேன், தட்டக் குடுங்க" என்றாள். நான் கொடுக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடி தம்பி கையால்தான் போகவேண்டும், அதுவும் இந்த வண்டியில்தான் போகவேண்டும் என்றேன். அவள் தாம்பாளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். வளையல் இரண்டு கீழே விழுந்து உடைந்தது. அவள் வெறும் கையோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். வெறும் கையோடு வந்தாளே என்று உங்கள் வீட்டில் யாரோ அவளைக் கேட்டார்களாம். அதற்கு அவள் மீது குற்றம் இல்லை.

இப்போது என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பிறந்த வீட்டுக் கோடி வராமல் பெண்ணைத் தூக்குகிற வழக்கம் நம் இரண்டு ஊரிலும் கிடையாது. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும், ஐஸ் பெட்டியிலிருந்து அவளை ஏன் அவசரப்பட்டு எடுத்துக் குளிப்பாட்டினீர்கள்? எதிர்வீட்டு இராமகிருஷ்ணன் திருநின்றவூருக்கு ஓடி ஒரு புடவை வாங்கிவந்து, 'பிறந்த வீட்டு முறை' என்று சொல்லிப் போர்த்தினாராம். இராமகிருஷ்ணன் எனக்கு எந்த விதத்தில் பிறந்த வீடு? அவர் ரிட்டையர் ஆன போஸ்ட் மாஸ்டர். அவர் என் அக்காவோடு பிறந்தாரா? பாவாடை தடுக்கி விழுந்தபோது அவளைத் தூக்கினாரா? நான் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு உங்கள் தெருவுக்கு வந்தபோது பந்தல் இருந்தது, நாற்காலி இருந்தது, வாசல் கழுவியிருந்தது, தெருவெல்லாம் உதிரிப்பூ கிடந்தது. அந்தப் பூவின் மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு வந்தேன். நாள் முழுக்க நின்று நின்று வந்த சனியன், அங்கே மட்டும் நிற்கவே இல்லை மாமா. நான் சாவியை எடுக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. நெருப்பு அதற்குள் மேலே வந்துவிட்டது. புடவையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தேன். நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். அதற்கப்புறம்தான் அந்த ஓட்டை டப்பா.

ஆகவே நான் மூத்தவர்களைக் கலந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மூத்தவர்கள் என்றால் நான்தான், இங்கே வேறு யாரும் உயிரோடு இல்லை. என் அக்காவைப் பிறந்த வீட்டுத் துணி இல்லாமல் அனுப்பியது தவறு என்று நீங்கள் நாலு பேர் முன்னால் சொல்கிறவரைக்கும், வருகிற திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வரமாட்டேன். ஜாகிரோடு எனக்கு இனிப் பேச்சு இல்லை. வண்டியை உடைக்கப் போட்டுவிடுகிறேன். போடுவதற்கு முன்னால் டேங்கைக் கழற்றிப் பார்த்து அவன் குற்றத்தை மட்டும் நிரூபித்துவிடுகிறேன், அது என் தொழில் தர்மம்.

கோபிக்கும் அவன் குழந்தை ரோஷினிக்கும் என் ஆசிகள். ரோஷினி வெயிலில் விளையாடாமல் பார்த்துக்கொள்ளவும். இராமகிருஷ்ணனுக்கு என் விசாரிப்பு கிடையாது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், சொல்லாமலே முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
தி. திருவேங்கடம்.

பின்குறிப்பு, சனிக்கிழமை: மாமா, மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படிப்பட்டவன் என்று நீங்களும் முழுதாகப் படியுங்கள்.

நேற்று டேங்கை இறக்கினோம். வேறு யாரும் வரமாட்டேன் என்றதால் ஜாகிர்தான் இறக்கினான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், குற்றத்தைப் பிடிக்க. மீதிப் பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்கைக் கவிழ்த்து உலுக்கினான். உள்ளே ஏதோ உருண்டது. கம்பி விட்டு இழுத்தான். மேலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் கிடந்திருக்கிறது. சின்ன மூட்டை. மஞ்சள் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசு முடிந்தது. துணி இற்று நூல் நூலாகப் போயிருந்தது. "இத்தன வருசம் சும்மா கெடந்துகீது. இப்ப இத்துப் போச்சி. வண்டி ஓடச்சொல்ல நூலு வந்து பம்பு வாயில ஒட்டிக்கிது, நின்னா கீழ உழுந்துடுது. அதான் அண்ணாத்தே, ரெஸ்ட்டு குடுத்தா ஓடுச்சி" என்றான் ஜாகிர்.

ராணி வந்து பார்த்தாள். முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினாள். "மூணு முடிச்சி. அண்ணிதான் மூணு முடிச்சி போடுவாங்க."

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டி வாங்கிப் பூஜை போட்ட அன்றைக்கு அக்கா பெட்ரோல் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். இன்னாக்கா பண்றே என்று கேட்டேன். "பொட்டு வெக்கிறேன், நீ உன் வேலையப் பாரு" என்றாள். எனக்கு அப்போது சரியாக ஓட்டத் தெரியாது, எதிரே புது ரோட்டில் லாரியாகப் போகும். தம்பி உடம்பில் ஒரு கீறல் விழக் கூடாது என்று திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக் காசு முடிந்திருக்கிறாள். வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துச் செலவழித்துவிடுவார்கள் என்று, யாரும் கை விடமுடியாத இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள். இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு ஒரு கீறல் விழவில்லை மாமா.

ஜாகிரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்த உடுங்க, மொதல்ல மாமாவுக்கு எய்துங்க" என்றான். எழுதுகிறேன். மேலே கோபிக்கு நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? பன்னிரண்டே முக்காலுக்கு அவன் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டான். திருநின்றவூர் தாண்டியாச்சு, பத்து நிமிஷத்தில் வாசலில் நிற்பேன், குளிப்பாட்டச் சொல்லு என்றேன். நான் இந்து காலேஜ் பக்கத்தில் சீட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என்னை நம்பித்தான் நீங்கள் அவளை வெளியே எடுத்தீர்கள். ஐஸ் பெட்டியை வேறு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அந்த வெயிலில், ஈரப் புடவையோடு, எனக்காக மூன்று மணி நேரம் கிடந்தாள் என்று ராணி நேற்றுதான் சொன்னாள். நீங்கள் கையை நீட்டித் தடுத்தது நியாயம். இராமகிருஷ்ணன் அன்றைக்கு எங்கள் பிறந்த வீடாக இருந்தார், அவர் காலில் விழ வருகிறேன்.

திங்கட்கிழமை நானும் ராணியும் ரயிலில் வருகிறோம். உள்ளே விட்டால் வருகிறேன், இல்லையென்றால் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறேன். அக்கா முடிந்த காசைக் கொண்டுவருகிறேன், அதை அம்மனுக்குச் செலுத்தவேண்டியது அவள் வீட்டுக்காரர் நீங்கள். இந்தக் கடிதத்தை ஜாகிர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள்.

வண்டியைப் பற்றிக் கேட்கமாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஜாகிர் டேங்கைக் கழுவி மாட்டிவிட்டான். இன்று காலையில் பின்சீட்டில் கோடிப் புடவையை வைத்துக்கொண்டு தனியாக எடுத்தேன். உங்கள் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். வீட்டிலிருந்து அங்கே வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. ஓரிடத்திலும் நிற்கவில்லை மாமா.